மேட்டில் மட்டும் நிற்கும் வண்டி

பழைய வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டால் முதலில் செய்யவேண்டியது, டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பது. சிரிக்காதீர்கள் மேடம். என் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வருகிற வண்டிகளில் பத்துக்கு இரண்டு வெறும் டேங்க்தான். ஒருவர் மூன்று தெரு தள்ளிக்கொண்டு வந்து, வியர்வையைத் துடைத்தபடி, "இன்ஜின் போயிடுச்சு, மனசைத் தேத்திக்கிட்டேன்" என்றார். நான் ஒரு பாட்டில் பெட்ரோலை ஊற்றிச் சாவியைத் திருகினேன். மனிதர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தார். எளிய காரணத்தை முதலில் பார்க்கவேண்டும் என்பதற்காகச் சொன்னேன். நீங்கள் வாகன ஆய்வாளர், உங்களுக்கு நான் பாடம் நடத்தக் கூடாது. ஆனால் முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். எனக்கு முதல் என்றால் அதுதான்.

இந்த அறையின் மின்விசிறி இரண்டு மாதத்தில் நின்றுவிடும், புஷ் தேய்ந்திருக்கிறது. அதை எழுத வேண்டாம். வாக்குமூலத்தில் மின்விசிறி வந்தால் உங்கள் மேலதிகாரி ஏதாவது கேட்பார். தேநீர் நன்றாக இருக்கிறது. மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறீர்களே, அந்தச் சின்ன உறை, அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கும் வருகிறேன். எதையும் பூசி மெழுகும் உத்தேசம் எனக்கு இல்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் சோகக் கதை ஒன்றும் கிடையாது, நேரம் ஓடிவிட்டது, அவ்வளவுதான். முன்னால் பட்டறை, பின்னால் இரண்டு அறை. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரே தங்கை. எட்டுத் தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் இருந்தாள். அவள் புருஷனுக்குக் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கு, அலமாரிக்கு, முகம் பார்க்க என்று கேட்கிற கண்ணாடியை அளந்து வெட்டி, கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு வருவார். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். கல்யாணமாகி முதல் ஆறு வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டைக்குள் அடங்கிவிடும். "வாங்க மாப்பிள்ளை." "வந்தேன் மச்சான்." "சாப்பிடுங்க." "ஆச்சு." சண்டை சச்சரவு எதுவும் இல்லை. நாள் முழுக்கக் கண்ணாடியோடு இருக்கிற மனிதர் மெதுவாகவே பேசுவார், மெதுவாகவே நடப்பார். எனக்கோ வாய் ஓயாது. கேட்க ஆள் இல்லாவிட்டால் ஸ்பானரிடம் பேசுவேன்.

பிறகு அவர் அந்தப் பிக்கப்பை வாங்கினார். இருபத்தேழு வயது வண்டி, கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் இன்ஜின். வெளிறிப்போன நீலம். பின்னால் கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்த ஒரு மரச்சட்டத்தை அவரே அடித்து, பழைய போர்வையைச் சுற்றியிருந்தார். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் பாலத்தின் ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறைக்கு வந்து, "மச்சான், ஏதோ குடிக்க மாட்டேங்குது" என்றார்.

இந்த முதல் கோளாறு நிஜக் கோளாறு. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

டேங்குக்குள் ஒரு குழாய் பெட்ரோலை உறிஞ்சும். அதன் வாயில் ஒரு சின்னச் சல்லடை. அங்கிருந்து வண்டியின் அடிச்சட்டம் ஓரமாகக் குழாய், பிறகு பம்ப், பிறகு ஃபில்டர், கடைசியில் கார்புரேட்டர். எங்கே அடைக்கிறது என்று பார்க்க, ஒரு முனையில் ஆரம்பித்து வரிசையாக வரவேண்டும். நடுவில் குதிக்கிறவன் மெக்கானிக் இல்லை, ஜோசியக்காரன். இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். கார்புரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டேன், அவரைச் சாவி திருகச் சொன்னேன். அரை நிமிடத்தில் பாட்டில் பாதியாவது நிறையவேண்டும். அடிதான் நனைந்தது. பம்பைப் பார்த்தோம், நன்றாக இருந்தது. டேங்க் பக்கமாகக் காற்றடித்தோம், உள்ளே குடகுடவென்று சத்தம் வந்தது. சல்லடை முழுக்கத் துரு.

"மேட்டுல மட்டும் ஏன் மச்சான் நிக்குது? சமதரையில நல்லாத்தானே ஓடுது?"

"மேட்டுல இன்ஜின் ஜாஸ்தி குடிக்கும் மாப்பிள்ளை. வீட்ல ரெண்டு பேர் இருந்தா, குழாய்ல சொட்டுச் சொட்டா வர்ற தண்ணியே போதும். பத்து விருந்தாளி வந்துட்டா?"

அவர் யோசித்தார். பிறகு சிரித்தார். கண்ணாடி அளவுகளைக் குறிக்க வைத்திருக்கும் சட்டைப்பை நோட்டை எடுத்து, நான் சொன்னதை எழுதிக்கொண்டார். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரு வார்த்தையை யாரும் எழுதிவைத்தது கிடையாது, இன்று நீங்கள் எழுதுவதைத் தவிர. அப்போது பார்த்து நான் பிடித்திருந்த குழாய் நழுவி, பெட்ரோல் என் சட்டைக் கைக்குள் ஓடி அக்குள்வரை போய்விட்டது. மாப்பிள்ளை முகத்தை மாற்றாமல், "இன்னிக்கு முழுக்க உங்க பக்கத்துல யாரும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது" என்றார். ஆறு வருடத்தில் அவர் அடித்த முதல் ஜோக். சாப்பாட்டுக் கேரியரோடு வந்த தங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள். "ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா? நான் வேற பட்டறைக்கு வந்துட்டேனா?" என்றாள். மூன்று பேரும் பழைய பஸ் சீட்டில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சந்தோஷமாக இருந்தது. அதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

சல்லடையை மாற்றிக் கொடுத்தேன். வண்டி பிரமாதமாக ஓடியது. அதில்தான் வந்தது வினை.

அடுத்த ஞாயிறு பட்டறையைப் பெருக்கி, பஸ் சீட்டைத் துடைத்து, இரண்டு பேருக்குத் தேநீர் போட்டு வைத்துக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. ஏன் வரவேண்டும், வண்டிதான் ஓடுகிறதே. இரண்டு மணிக்கு இரண்டு தம்ளரையும் நானே குடித்தேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். மூன்றாம் வாரம் சனிக்கிழமை சாயங்காலம் ஆயில் மாற்ற வண்டியை விட்டுவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனார்.

இப்போது அந்த உறையைத் திருப்புங்கள். உள்ளங்கையளவு பிளாஸ்டிக், பால் பாக்கெட்டிலிருந்து வெட்டியது. மெல்லிய செப்புக் கம்பி. ஆமாம், முடிச்சு என் முடிச்சுதான். வேறு யாரையும் போட்டுக் குடைய வேண்டாம். டேங்கின் மேலே, அளவுமானி பொருத்துகிற வாயைத் திறந்தால் கை உள்ளே போகும். உறிஞ்சு குழாயிலேயே கம்பியைக் கட்டி, அதன் வாய்க்குப் பக்கத்தில் பிளாஸ்டிக்கைத் தொங்கவிட்டேன். சமதரையில் ஓடும்போது அது பாட்டுக்கு மிதந்துகொண்டிருக்கும். மேட்டில் இன்ஜின் வேகமாக உறிஞ்சும்போது குழாயின் வாயில் போய் அப்பிக்கொள்ளும். வண்டி இருமும், திணறும், நிற்கும். பத்து நிமிடம் சும்மா விட்டால் உறிஞ்சல் தளர்ந்து தானாக விழுந்துவிடும். வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். பட்டறையில் நிறுத்தி எந்தச் சோதனை செய்தாலும் எல்லாம் சரி என்றே காட்டும். இவ்வளவு மரியாதையான கோளாறை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பாகம் எதுவும் கெடாது, யாருக்கும் காயமில்லை, ஞாயிறு மட்டும் வந்துவிடும்.

ஒரு வருடம் நான்கு மாதம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை விட்டுப் போவார், ஞாயிறு காலை டவுசரும் பழைய பனியனுமாக வந்து நிற்பார். எனக்குக் காய்ச்சலான ஒரு வாரம்கூட வந்து, நான் கட்டிலிலிருந்தபடி சொல்லச் சொல்ல அவரே ஃபில்டரைக் கழற்றினார். பம்பை மாற்றினோம். ரப்பர் குழாய்களை மாற்றினோம். டேங்க் மூடியில் காற்றோட்டம் அடைத்திருக்குமோ என்று அதற்கு மூன்று ஞாயிறு செலவழித்தோம். இன்ஜின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிறதோ என்று அதற்கு நான்கு. டேங்கையே இறக்கிக் கழுவுகிற வாரங்களில் மட்டும் முந்தின நாளே நம் சரக்கை எடுத்து வைத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை திரும்ப மாட்டிவிடுவேன். சத்தியமாகச் சொல்கிறேன் மேடம், ஊரில் எந்தப் பிக்கப்புக்கும் அவ்வளவு சுத்தமான பெட்ரோல் பாதை கிடையாது. மாப்பிள்ளை அதற்குள் தேறிவிட்டார். பம்பின் துடிப்பை விரல் வைத்தே சொல்வார். கண்ணாடி வெட்டுகிறவருக்கு விரல் நுனி அப்படி.

வண்டி நின்றதெல்லாம் ஏற்றத்தில்தான் என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். ஏற்றத்தில் நின்றால் கைபிரேக் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிட்டு, பத்து நிமிடம் வேடிக்கை பார்க்கலாம். ஒருமுறை தங்கை மாடிப்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. நல்ல வெயிலாம், அவள் கதறிவிட்டாளாம். ஆனால் பத்து நிமிடம்தானே. முறிந்த எலும்பு பத்து நிமிடத்தில் இன்னொரு தடவை முறியாது. அந்த ஞாயிறு கையில் கட்டோடு வந்து பஸ் சீட்டில் சாய்ந்துகொண்டு நாங்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் சரி பண்றே, எங்க வண்டி மட்டும் உனக்கு அடங்க மாட்டேங்குதே அண்ணே" என்றாள்.

"கட்டிக்குடுத்த பொண்ணு மாதிரி, பொறந்த வீட்டுப் பாசத்துல திரும்பத் திரும்ப வருது."

அவள் சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். நானும்தான்.

ஆனால் மனிதனுக்கு அலுப்பு வரும். இரண்டு வாடிக்கைக்காரர்கள் கண்ணாடி நேரத்துக்கு வரவில்லை என்று வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ஒரு ஞாயிறு கையைத் துடைத்துக்கொண்டே, "மச்சான், இதைத் தள்ளிவிட்டுடலாம்னு பாக்கறேன்" என்றார். அவருக்கு ஏதாவது நம்பிக்கை கொடுத்தாக வேண்டும். அதனால் ஒரு வைத்தியம் சொல்லிக்கொடுத்தேன்.

"திணற ஆரம்பிச்சா நிறுத்தாதீங்க மாப்பிள்ளை. சோக்கைப் பாதி இழுத்துட்டு, முதல் கியர்லயே மெதுவா உச்சிவரைக்கும் ஏத்திடுங்க. இறக்கம் வந்ததும் நியூட்ரல்ல விட்டுடுங்க. இன்ஜின் நின்னாலும் கவலைப்படாதீங்க, வண்டி தானா உருளும். கீழ போறதுக்குள்ள பெட்ரோல் வந்துடும், சாவியைத் திருகினா எடுத்துக்கும்."

வைத்தியம் பலிக்கும். பலிக்காமல் எப்படிப் போகும், உறிஞ்சல் நின்றால் பிளாஸ்டிக் விழுந்துவிடும் என்று எனக்குத்தான் தெரியுமே. பதினொரு தடவை பலித்தது. மாப்பிள்ளை டயர் கடைக்காரரிடம்கூட, "எங்க மச்சான் கைராசியே தனி" என்று சொல்லியிருக்கிறார்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். ஆமாம், அதேதான். இன்ஜின் சுற்றும்போதுதான் பிரேக்குக்குத் துணை கிடைக்கும். நியூட்ரலில் இன்ஜின் நின்றுவிட்டால், மிச்சமிருக்கிற துணை இரண்டு மூன்று மிதிக்கு வரும். அதற்குப் பிறகு பெடலை மிதிப்பதும் சுவரை மிதிப்பதும் ஒன்றுதான். இது வண்டித் தொழிலில் பாலபாடம். நான் அந்த வைத்தியத்தைச் சொன்னபோது தங்கை பக்கத்தில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

"இறக்கத்துல நியூட்ரல்ல விடவே கூடாதுன்னு நீதானே அண்ணே என்கிட்டக் கரடியாக் கத்துவே?"

"அது புது வண்டிக்கு" என்றேன்.

அது பொய். எந்த வண்டிக்கும் அது பொய். அவள் நம்பிவிட்டாள், ஏனென்றால் சொன்னது நான். மாப்பிள்ளை அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு மறந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. கார்புரேட்டர் மூடியின் கடைசி நட்டை முறுக்கிக்கொண்டே அதைப்பற்றி யோசித்தேன். நம் மாப்பிள்ளை நிதானமானவர், இரண்டு தடவைக்குமேல் மிதிக்க மாட்டார் என்று நினைத்தேன். நட்டு சரியாக உட்கார்ந்தது.

அதன்பிறகு ஏழு வாரம். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், வழக்கமில்லாத நாளில், வண்டியோடு வந்தார். முகமெல்லாம் பல்.

"மச்சான், உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன். அவளுக்கே இன்னும் தெரியாது. புது வேன் திங்கக்கிழமை வருது. இனிமே உங்க ஞாயித்துக்கிழமையை நான் கெடுக்க மாட்டேன்."

கெடுக்கிறாராம். நல்ல மனதோடு சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு வலித்தது மேடம். ஆனாலும், "ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை" என்று கையைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை ஒரு கடைசி லோடு. மலை ரோட்டில் உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் ஒரு தங்கும் விடுதி கட்டுகிறார்கள். அதற்கு ஆளுயரக் கண்ணாடி பன்னிரண்டு. நல்ல கனம். "ஒரு தடவை பாத்துக் குடுத்துடுங்க, இதோட இந்த வண்டிக்கு ஓய்வு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

டேங்கைத் திறந்தேன். கம்பியை வெட்டி எடுக்க இரண்டு நிமிடம் போதும். கையில் கட்டர் இருந்தது. வெட்டியிருந்தால் வண்டி மலையேறி, கண்ணாடியை இறக்கிவிட்டு, பத்திரமாகத் திரும்பியிருக்கும். திங்கட்கிழமை வேன் வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு தம்ளர் தேநீரையும் குடித்திருப்பேன்.

கம்பியை இரண்டு விரற்கடை குறைத்துக் கட்டினேன். என் கணக்கு தெளிவான கணக்கு. இன்னும் கிட்டத்தில் இருந்தால் இன்னும் சீக்கிரம் அடைக்கும். மலை அடிவாரத்திலேயே நின்றுவிடும். எனக்குப் போன் வரும். நான் கயிற்றோடு போய் இழுத்து வருவேன். வேன் வந்தாலும் வரட்டும், இதை விற்பதற்காகவாவது சரிசெய்யத்தானே வேண்டும். அதில் ஒரு நாலைந்து மாதம் ஓடும். சனிக்கிழமை காலை இழுவைக் கயிற்றை எடுத்து வைத்துக்கொண்டு, பாட்டுக் கேட்டபடி, போனுக்காகக் காத்திருந்தேன்.

நான் கட்டினபடியேதான் அது வேலை செய்தது. அடிவாரத்திலேயே திணற ஆரம்பித்ததாகப் பின்னால் வந்த பஸ் டிரைவர் சொன்னார். ஆனால் மாப்பிள்ளை நிறுத்தவில்லை. அவருக்குத்தான் வைத்தியம் தெரியுமே. சோக்கை இழுத்து, முதல் கியரில், அரை நடை வேகத்தில், இருமி இருமி அந்த முழு மலையையும் ஏற்றிவிட்டார். என்ன பொறுமை பாருங்கள். உச்சியில் நியூட்ரல். இன்ஜின் நின்றது. முதல் வளைவுக்கு ஒரு மிதி. நாய் ஒன்று குறுக்கே வந்ததற்கு ஒரு மிதி. இரண்டாவது வளைவுக்கு ஒன்று. மூன்றாவது வளைவுக்கு எதுவும் மிச்சமில்லை.

பத்து மணிக்கு டயர் கடைக்காரர் வந்து சொன்னார். அவர் வண்டியிலேயே போனேன். ரோடு முழுக்கக் கண்ணாடி, வெயிலில் கண் கூசியது. பிக்கப் பள்ளத்தில் மரத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தது. மாப்பிள்ளையை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் டேங்கைப் பார்த்தேன், நசுங்கியிருந்ததால் கை போகவில்லை. பிறகு மாப்பிள்ளையிடம் போனேன். தொழில் பழக்கம், வேறொன்றுமில்லை.

உயிர் பிழைத்துவிட்டார். அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கழுத்தெலும்பிலும் மூளையின் அடித்தண்டிலும் அடி. கை கால் அசையாது, பேச்சும் வராது. கண் மட்டும்தான். ஆனால் மூளை துல்லியமாக இருக்கிறது, பேசுவதெல்லாம் புரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடி வீட்டுக்கு அவரை எப்படித் தூக்கிப்போவது? "என்கிட்ட வந்துடுங்க" என்றேன். தங்கை என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், "நீ மட்டும் இல்லேன்னா நாங்க என்ன ஆயிருப்போம் அண்ணே" என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பின்னறையில் அவர்கள் இருக்கிறார்கள். பட்டறைக்கும் அறைக்கும் நடுவிலிருந்த சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைத்தேன், அவர் படுத்தபடியே எல்லாவற்றையும் பார்க்கலாம். கண்ணாடியை நானே வெட்டினேன். அளவு கொஞ்சம் தப்பிவிட்டது, ஓரத்தில் காற்று வருகிறது. அவர் வெட்டியிருந்தால் தப்பியிருக்காது.

இப்போது நீங்கள் காட்டுகிற நோட்டு அவருடையதுதான். வண்டிக்குள் கிடைத்ததா? கடைசிப் பக்கத்தை நானே படிக்கிறேன், கண்ணாடி போட்டால்தான் தெரியும். "டேங்க் கழுவின வாரம் நிற்கவில்லை. அடுத்த சனி மச்சானிடம் விட்டு எடுத்தபின் மறுபடி நிற்கிறது. மூன்று தடவையும் இப்படியே. வேறு பட்டறையில் காட்டிப் பார்க்கவேண்டும். மச்சானிடம் சொல்லவேண்டாம், வருத்தப்படுவார்."

ஒரு நிமிடம் மேடம். தண்ணீர் இருக்கிறதா?

வருத்தம்தான். வேறு பட்டறை என்று எழுதியிருக்கிறாரே. ஊரில் எவனுக்கு இந்த வண்டியைத் தெரியும்? ஆனால் வரிசையாக வந்திருக்கிறார் பாருங்கள், நடுவில் குதிக்கவே இல்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒவ்வொன்றாக ஒதுக்கி, சரியான இடத்துக்கு வந்து நின்றிருக்கிறார். இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி. அதை அவர் படுத்துக்கொண்டே ஏறியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன், யோசிக்க இப்போது நிறைய நேரம் இருக்கிறதே. எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கட்டியது நான். நீளத்தைக் குறைத்தது நான். பிரேக் போய்விடும் என்று தெரிந்தே நியூட்ரலில் இறங்கச் சொன்னது நான். யாரும் தூண்டவில்லை, குடித்திருக்கவில்லை, அவர்மேல் எந்தப் பகையும் இல்லை. பகையா? அந்த மனிதர்மேல் எனக்கு இருக்கிற பிரியத்தை உங்களிடம் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. தங்கையிடம் நீங்கள் சொல்லலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அவள் நம்ப மாட்டாள்.

கையெழுத்து எங்கே போடவேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டால் நல்லது, சாயங்காலம் நான் அங்கே இருக்கவேண்டும். பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி, ஸ்டாண்டில் ஏற்றி, அவர் ஜன்னலுக்கு நேராக வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் அறைக்குள் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து, இன்று எதைக் கழற்றினேன், பாட்டிலில் எவ்வளவு விழுந்தது, எங்கே சந்தேகம் என்று ஒன்றுவிடாமல் சொல்லுவேன். முன்பு வாரத்துக்கு ஒரு நாள்தான். இப்போது தினமும்.

தங்கை பேசும்போது அவர் கண் திறந்தேதான் இருக்கும். நான் உள்ளே நுழைந்ததும் மூடிக்கொள்வார். அவள் பயந்துபோய் டாக்டரிடம் கேட்டிருக்கிறாள், பாவம், அவளுக்கு நம் தொழில் தெரியாது. நல்ல மெக்கானிக் இன்ஜின் ஓசையைக் கூர்ந்து கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். சில நாள் மூடிய கண்ணின் ஓரத்தில் தண்ணீர் வழியும். என் சட்டையிலிருக்கும் பெட்ரோல் வாடைக்கு அப்படித்தான் எரியும், நான் துடைத்துவிடுவேன். நான் எழுந்து வெளியே போகிறவரைக்கும், ஒரு மணி நேரமானாலும் இரண்டு மணி நேரமானாலும், அவர் கண்ணைத் திறப்பதே இல்லை. என் பேச்சை இத்தனை கவனமாகக் கேட்ட ஆள் என் வாழ்நாளில் வேறு யாரும் இல்லை, மேடம்.